2 அடித் தொட்டி, மூன்று விதத் தண்ணீர்: மீன் விடும் முன் சைக்கிள் செய்வது எப்படி?

மாசிவீதி_மீன்:

வணக்கம். தொட்டி 24 x 12 x 12 அங்குலம், 5 மி.மீ. கண்ணாடி. காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். அடியில் போட 2 முதல் 4 மி.மீ. ஆற்றுக் கூழாங்கல். செடி அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும். விட நினைப்பது கப்பி அல்லது பிளாட்டி, பத்துக்குள்.

ஊர் மதுரை. வீட்டில் மூன்று தண்ணீர் இருக்கிறது:

போர்: டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1,100, பிஎச் 8.2, கேஎச் (கார்பனேட் கடினம், டிகிரியில்) 16.
ஆர்ஓ: டிடிஎஸ் 60, கேஎச் 1.
மாநகராட்சிக் குழாய்: பிளீச்சிங் பவுடர் வாடை வரும், மற்றபடி அளக்கவில்லை.

கடையில் சொல்லும் வழி இது: தண்ணீர் நிரப்பு, நீல மருந்து பத்துச் சொட்டு, மஞ்சள் மருந்து பத்துச் சொட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஒரு பாக்கெட் பாக்டீரியா பவுடர், மறுநாள் மீன். இப்படிச் செய்ய விருப்பமில்லை. மீன் இல்லாமல் அம்மோனியா போட்டு சைக்கிள் (மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பது) முடித்துவிட்டு விடலாம் என்று இருக்கிறேன்.

கேள்விகள்: எந்தத் தண்ணீர்? அம்மோனியாவுக்கு எதைப் போடுவது, 2 அடித் தொட்டிக்கு எவ்வளவு? யூரியா போதும் என்கிறார்கள், நாட்டு மருந்துக் கடை நவச்சாரம் போதும் என்கிறார்கள், இரண்டும் சரியா? முடிந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது?

ஓடைக்கரை:

முதலில் தண்ணீரின் உண்மையான அளவு. வெளி அளவுக்கு 56 லிட்டர் என்று கணக்கு வரும். மேலே ஒன்றரை அங்குலம் இடம் விட்டு, அடியில் 2 அங்குலத்துக்குக் கல் போட்டால் உள்ளே நிற்பது 45 லிட்டருக்கு மேல் போகாது. அம்மோனியாவோ பின்னால் மருந்தோ எதுவானாலும் 45-க்கே கணக்குப் போடுங்கள்.

இனி, எந்தத் தண்ணீர் என்பது. சைக்கிள் என்றால் எல்லாரும் பாக்டீரியாவைத்தான் பேசுகிறார்கள். அது எங்கிருந்தாவது வந்துவிடும். செடியில், கல்லில், காற்றுத் தூசியில் கூட வரும். வந்த பிறகு அது வேலை செய்யத் தண்ணீரில் கார்பனேட் இருக்கிறதா என்பதுதான் நம்மூரில் சைக்கிளைக் கெடுக்கும் விஷயம். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தை கேஎச் விழுங்கிக்கொள்ளும். பாக்டீரியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியாவை எரித்தால் கேஎச் சுமார் 0.65 குறையும். உங்கள் ஆர்ஓ தண்ணீரில் கேஎச் 1. இரண்டாவது தவணை அம்மோனியா முடிவதற்குள் கேஎச் காலி, பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கும், வேலை மந்தமாகும், 6-ஐத் தொட்டால் ஏறக்குறைய நின்றேவிடும். "சுத்தமான ஆர்ஓ தண்ணிதான் ஊத்தினேன், சைக்கிள் ஆகல" என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

போரை மட்டுமே ஊற்றினாலும் சைக்கிள் நன்றாக ஓடும். கப்பியும் பிளாட்டியும் கடினத் தண்ணீரில் சந்தோஷமாகவே இருக்கும். ஆனால் ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக மறுபடி மறுபடி போரையே ஊற்றினால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும், கண்ணாடியில் வெள்ளைக் கோடு படியும். என் யோசனை: ஒரு குடம் போர், ஒரு குடம் ஆர்ஓ. கேஎச் 8.5, டிடிஎஸ் 580 என்று வரும். 2 பிபிஎம் தவணை பன்னிரண்டு போட்டாலும் தாங்கும். ஆவியாகிக் குறைவதை மட்டும் தனி ஆர்ஓவால் நிரப்புங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் சிக்கன யோசனை சிலருக்கு வரும். அது போரைவிட உப்பு கூடிய தண்ணீர், வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை எடுப்பதானால் கேஎச் அளந்துவிட்டு எடுங்கள். குளோரினுக்கு: ஒரு நாள் வாளியில் ஏர் ஸ்டோன் ஓடவிட்டால் போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்ஃபேட் 10 கிராமை 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு 20 லிட்டர் வாளிக்கு 3 மில்லி. 2 பிபிஎம் குளோரின் வரை அது பார்த்துக்கொள்ளும். கடையில் "ஆன்டி குளோரின்" என்று விற்கும் கண்ணாடிக்கல் போன்ற படிகமும் இதேதான்.

அம்மோனியா. அம்மோனியம் குளோரைடு வாங்குங்கள், லேப் கெமிக்கல் கடையில் எல்ஆர் தரம் என்று கேட்டால் தருவார்கள். நவச்சாரம் என்பதும் அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது எவ்வளவு சுத்தம் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள், பழுப்பாக இருந்தால் தொடவே வேண்டாம். ஈயப் பற்றுக்கு விற்கும் பொடியில் துத்தநாகக் குளோரைடு கலந்திருக்கும், அது தொட்டிக்கு நஞ்சு.

யூரியாவை விட்டுவிடுங்கள். 2015 முதல் இந்தியாவில் உர யூரியா என்றால் பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான். அந்தப் பூச்சே மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தத்தான். எந்தப் பாக்டீரியாவை வளர்க்கப் பார்க்கிறீர்களோ அதையே தடுக்கும் மருந்தையும் சேர்த்துப் போட்டதாகிவிடும்! பூச்சு இல்லாத யூரியாவானாலும் அது உடைந்து அம்மோனியா ஆக நேரம் எடுக்கும், டெஸ்ட் கிட்டில் உடனே தெரியாது, அளவு பிடிபடாது.

அளவு: 10 கிராம் அம்மோனியம் குளோரைடை 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். பாட்டிலில் பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இதில் 28 மில்லி உங்கள் 45 லிட்டருக்கு 2 பிபிஎம் கொடுக்கும், 14 மில்லி 1 பிபிஎம்.

முதல் நாள் 28 மில்லி. பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். அம்மோனியா 0.5-க்குக் கீழ் வந்தால்தான் அடுத்தது, அதுவும் 14 மில்லி. நைட்ரைட் தெரிய ஆரம்பித்த பிறகு அவசரப்படாதீர்கள், அந்த இரண்டாம் கட்டம்தான் நீளும். நைட்ரைட்டும் இறங்கிவிட்டால் கடைசிப் பரீட்சை: 28 மில்லி போட்டு 24 மணி நேரம் கழித்து அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்றால் முடிந்தது. 28 முதல் 30 டிகிரியில், வெளியிலிருந்து எந்த விதையும் (ஓடும் தொட்டியின் பாக்டீரியா) இல்லாமல், மூன்றிலிருந்து ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மதுரைக்குத் தேவையில்லை.

4 பிபிஎம், 5 பிபிஎம் போடு என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். 40 சதவீதப் புரதம் உள்ள மீன் உணவு 1 கிராம் தின்று செரித்தால் ஏறத்தாழ 37 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளியே வரும். நாளுக்கு 2 பிபிஎம் எரிக்கும் 45 லிட்டர் தொட்டி சுமார் 74 மில்லிகிராம் நைட்ரஜனைச் சமாளிக்கிறது, அதாவது 2 கிராம் உணவு. பத்துக் கப்பி ஒரு நாளில் 0.2 கிராம் தின்றாலே அதிகம். 2 பிபிஎம்மே பத்து மடங்கு.

இன்னொன்று: பல பாட்டில்களில் இன்னும் நைட்ரோபேக்டர் என்று எழுதி விற்கிறார்கள். மீன் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோஸ்பைரா என்று 1998-லேயே காட்டிவிட்டார்கள். 2015-இல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாகவே கொண்டுபோகும் நைட்ரோஸ்பைராவையும் கண்டுபிடித்தார்கள். லேபிள்தான் பழையதாகவே இருக்கிறது.

கொளத்தூர்க்காரன்:

ஓடைக்கரை சார் தண்ணிக் கணக்கு சொல்லிட்டாரு. நான் தொட்டி வைக்கிற விஷயத்தச் சொல்றேன், இதுல தப்புனா மத்த கணக்கெல்லாம் வீண்.

தண்ணி, கல்லு, கண்ணாடி எல்லாம் சேத்து 70 கிலோ வரும். ஷோகேஸ் தட்டு, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல வைக்காதீங்க. அடியில 10 அல்லது 12 மி.மீ. தெர்மோகோல், தொட்டி சைசுக்கே வெட்டி, முழுசா உக்காரணும். மூலைக்கு மட்டும் துண்டு வைக்கிறது கூடாது, அடிக்கண்ணாடி நடுவுல விரிசல் விடும். வெறும் தண்ணி நிரப்பி ஒரு நாள் விட்டு ஒழுகுதான்னு பாத்துட்டு, நாலு மூலையிலயும் தண்ணி மட்டம் ஒண்ணா இருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. ஜன்னல் வெயில் படுற இடம் வேணாம்.

கல்லு 14, 15 கிலோ வேணும். அரிசி களையிற மாதிரி வாளில களைஞ்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடாதீங்க. கல்லுல சுண்ணாம்பு இருக்கான்னு தெரிஞ்சுக்க வெளிய வச்சு ஒரு சொட்டு பாத்ரூம் ஆசிட் விட்டுப் பாருங்க, பொங்குச்சுன்னா அது வேணாம். உங்க தண்ணி ஏற்கெனவே கடினம், அதுல சிப்பி, பவளக்கல் போட்டு இன்னும் ஏத்தாதீங்க. கலர் கல்லு வாங்கினா ஒரு பிடிய வெந்நீர்ல ராத்திரி ஊற வச்சு சாயம் போகுதான்னு பாத்துடுங்க. கல்லு மேல ஒரு தட்டு வச்சு அதுமேல தண்ணி ஊத்துனா கலங்காது.

ஏர் பம்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. முடியலன்னா டியூபுக்கு நடுவுல நான் ரிட்டர்ன் வால்வு போடுங்க, அம்புக்குறி தொட்டியப் பாக்கணும். கரண்ட் போனா தண்ணி டியூப் வழியா பின்னாடி வந்து பம்புல இறங்கி, அப்புறம் தரையில இறங்கும். இருபது ரூபா சமாச்சாரம், ஆனா நிறைய பேர் போடறதில்ல.

இப்ப அந்தக் கடை லிஸ்ட். நீல மருந்துன்னா மெத்திலீன் ப்ளூ, மஞ்சள்னா அக்ரிஃப்ளேவின். ரெண்டும் கிருமி கொல்ற மருந்து. நீலம் போட்ட தண்ணில நீங்க வளக்குற பாக்டீரியாவும் அடிபடும், சிலிக்கான் ஒட்டும் கடைசி வரைக்கும் நீலமாவே நிக்கும். முட்டைக்குப் பூஞ்சை பிடிச்சா தனி டப்பால போடற மருந்து அது. கல்லுப்பு இப்ப எதுக்கும் வேணாம். பாக்டீரியா பவுடர் பாக்கெட்டுல பேசிலஸ்னு இருந்தா அது கழிவத் தின்னுற வகை, அம்மோனியாவ நைட்ரேட்டாக்குற வகை இல்ல. போட்ட மூணாம் நாள் தண்ணி பால் மாதிரி ஆகும், அவ்வளவுதான் பலன்.

கடைக்காரரையும் முழுசாத் திட்ட முடியாது. "ஒரு மாசம் கழிச்சு வந்து மீன் வாங்குங்க"ன்னு சொன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க.

பால் மாதிரி கலங்குறது எந்தப் பவுடரும் போடாமயே முதல் வாரத்துல வரலாம். அதுக்குன்னு தண்ணி மாத்தாதீங்க, தானா தெளியும். மூணாவது வாரம் கண்ணாடில பழுப்பா மாவு மாதிரி படியும், அதுவும் சாதாரணம், துடைச்சா போயிடும். லைட்ட சைக்கிள் முடியற வரைக்கும் நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல போடாதீங்க, இல்லன்னா அம்மோனியாவுக்குப் பாசிதான் முதல்ல வரும்.

சீக்கிரம் முடியணும்னா ஒரே வழி, நல்லா ஓடிட்டிருக்குற தொட்டியோட பழைய ஸ்பாஞ்ச். அத உங்க ஃபில்டர் பக்கத்துலயே போட்டு ஓட விடுங்க, இல்ல அந்த ஸ்பாஞ்ச உங்க தொட்டிக்குள்ளயே பிழிஞ்சு விடுங்க. ஒரு வாரம், ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். கொண்டு வரும்போது ஈரமா, திறந்த பாத்திரத்துல வரணும். நோய் இல்லாத வீட்டுத் தொட்டில இருந்து வாங்குங்க. கடைத் தொட்டி ஸ்பாஞ்ச்ல வெள்ளைப் புள்ளி நோயும் சேந்து வரும்.

பாசிமணி:

இவ்வளவு கெமிஸ்ட்ரி தேவையா? செடியை நெருக்கமாக வைத்துவிட்டு நாலு கப்பியை முதல் நாளே விட்டால் போதும். வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட், மேலே மிதக்கும் செடி ஒரு கை. செடி அம்மோனியத்தை நேராக உறிஞ்சிவிடும், நைட்ரைட் கண்ணிலேயே படாது. வேகமாக வளரும் செடி வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மாதத்துக்கு ஒரு இலை விடும் வகை, அவற்றை நம்பி இப்படிச் செய்ய முடியாது. 2 அடித் தொட்டிக்கு ஹார்ன்வோர்ட் பத்துத் தண்டு, தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மிதவை, நாளுக்கு 8 மணி நேரம் வெளிச்சம். கேள்வி கேட்டவர் மீன் இல்லாமல்தான் செய்வேன் என்கிறார், சரி. ஆனால் அது ஒன்றே வழி என்ற தொனி இங்கே எப்போதும் இருக்கிறது.

ஓடைக்கரை:

பாசிமணி சொல்வது நடக்கும், நானும் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சு என்பது அயனியாகாத பங்குதான், அந்தப் பங்கு பிஎச்சோடு பெருகும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம். பிஎச் 8 என்றால் 7.4 சதவீதம். அவரது போர் தண்ணீர் 8.2, அங்கே 11 சதவீதம். கிட்டில் அதே 0.5 பிபிஎம் பச்சைதான் தெரியும். பிஎச் 7 தண்ணீரில் மீனுக்கு ஒன்றும் ஆகாது, 8.2-இல் செவுள் வெந்துபோகும் அளவை எட்டிவிட்டது. மதுரை, திருச்சி, கோவை என்று போர் தண்ணீரில் தொட்டி வைக்கும் எவருக்கும் "நாலு மீன் விட்டுப் பார்" என்ற யோசனை ஆபத்தானது.

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டவர்கள் இதைப் படித்தால்: தீனியை இரண்டு நாளைக்கு ஒருமுறை, அரை நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் கூட்டி 0.5-ஐத் தாண்டினால் அன்றே பாதித் தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால் 10 லிட்டருக்கு 1 கிராம் சாதாரண உப்பு, 45 லிட்டருக்கு நாலரை கிராம். செவுளில் நைட்ரைட் புகும் வழியைக் குளோரைடு அடைத்துக்கொள்ளும், 6 பிபிஎம் நைட்ரைட் வரை அந்த அளவு காப்பாற்றும். கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டியதில்லை. டிடிஎஸ் 1,100 உள்ள போர் தண்ணீரில் குளோரைடு பெரும்பாலும் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கும்.

நெல்லை_கப்பி:

இதே அளவுத் தொட்டி, இதே ஸ்பாஞ்ச் ஃபில்டர், தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர், தயோசல்ஃபேட் போட்டு. ஊற்றும்போது கேஎச் 3. அம்மோனியா பூஜ்யம் ஆகும்போதெல்லாம் 2 பிபிஎம், மொத்தம் ஆறு தவணை. ஐந்து தவணை எரிந்தது. இப்போது நிலவரம்: அம்மோனியா 1 பிபிஎம்மில் நிற்கிறது, இறங்கவில்லை. நைட்ரைட் கடும் ஊதா, கிட்டின் கடைசி நிறம். நைட்ரேட்டும் சிவப்பு. பிஎச் மஞ்சள், அதாவது 6.0 அல்லது அதற்கும் கீழே. நைட்ரேட் சிவப்பாக இருப்பதால் இரண்டாம் கட்டமும் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னும் காத்திருப்பதா, ஏதாவது செய்வதா?

சொட்டுக்கணக்கு:

காத்திருந்தால் ஒன்றும் நடக்காது, செய்ய வேண்டும்.

நைட்ரேட் எண்ணை இப்போது நம்பாதீர்கள். அந்த டெஸ்ட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. தண்ணீரிலேயே நைட்ரைட் நிறைந்து கிடந்தால் அதுவும் சேர்ந்து சிவப்பாகும். நைட்ரைட் பூஜ்யமான பிறகு எடுக்கும் நைட்ரேட் அளவுக்குத்தான் அர்த்தம்.

கணக்கு இப்படி வருகிறது. 1 பிபிஎம் அம்மோனியா 2.7 பிபிஎம் நைட்ரைட்டாகும். ஐந்து தவணை, 10 பிபிஎம் அம்மோனியா, ஆக 27 பிபிஎம் நைட்ரைட். கிட்டின் உச்சி 5. அதற்கு மேல் 6-ஆ 60-ஆ என்று நிறத்தில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் தொட்டித் தண்ணீர் 1 மில்லி, ஆர்ஓ அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் 9 மில்லி கலந்து, அதிலிருந்து 5 மில்லி எடுத்து டெஸ்ட் செய்து, வந்ததைப் பத்தால் பெருக்குங்கள்.

கேஎச் கணக்கும் அங்கேயே இருக்கிறது. ஐந்து தவணைக்குத் தலா 0.65, மொத்தம் 3.25. உங்களிடம் இருந்ததே 3. மீதி எதுவும் இல்லை, அதனால்தான் பிஎச் விழுந்து ஆறாவது தவணை பாதியில் நிற்கிறது. ஓடைக்கரை மேலே சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: 80 சதவீதத் தண்ணீரை எடுத்துவிட்டுக் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நைட்ரைட் ஐந்தரைக்கு வரும். மறுநாள் இன்னொரு 80, ஒன்றுக்கு வந்துவிடும். பாக்டீரியா போய்விடுமே என்று பயம் வேண்டாம், அது ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிறது, தண்ணீரில் மிதப்பது சொற்பம். ஸ்பாஞ்சை மட்டும் காயவிடாமல் எடுத்த தண்ணீரிலேயே முக்கி வையுங்கள்.

இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு ஆப்ப சோடா 4 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். 45 லிட்டரில் கேஎச் 3 ஏறும், தண்ணீரில் இருக்கும் 3-உம் சேர்ந்து 6. சமையலறைத் தராசு இல்லாவிட்டால் தலை தட்டிய டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

பிறகு 1 பிபிஎம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அவ்வளவே. அம்மோனியாத் தின்னிகள் வேகமாகப் பெருகும், நைட்ரைட்டுக்காரர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். தினமும் 2 போட்டால் முன்னவர்கள் மட்டும் கொழுத்து, பின்னவர்கள் மேல் குவித்துவிடுவார்கள். கூடவே விரல் நுனியில் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் பொடித்துப் போடுங்கள். பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும், மென்மையான தண்ணீரிலும் ஆர்ஓவிலும் அது இல்லாமலே போய் நைட்ரைட் கட்டம் முடங்குவது உண்டு.

டெஸ்ட் செய்யும் முறையையும் எழுதிவிடுகிறேன், பாதி பேருக்கு அங்கேதான் இடறுகிறது. ஏபிஐ (API) கம்பெனி கிட்டுக்கு: எல்லாவற்றுக்கும் 5 மில்லி, கோடு வரைக்கும். அம்மோனியா, முதல் பாட்டில் 8 சொட்டு, இரண்டாவது 8, ஐந்து நிமிடம். நைட்ரைட், 5 சொட்டு, ஐந்து நிமிடம். நைட்ரேட், முதல் பாட்டில் 10 சொட்டு விட்டுக் குலுக்கி, இரண்டாவது பாட்டிலை 30 விநாடி பலமாக ஆட்டிவிட்டு 10 சொட்டு, குழாயை மூடி ஒரு நிமிடம் முழுக்கக் குலுக்கி, ஐந்து நிமிடம். இரண்டாவது பாட்டிலின் அடியில் பொடி இறுகியிருக்கும், ஆட்டாமல் விட்டால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். பாட்டிலைத் தலைகீழாக நேரே பிடித்து விடுங்கள், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளுக்கு முன்னால் பாருங்கள். மஞ்சள் எல்ஈடி பல்பில் அம்மோனியா பூஜ்யம்கூட 0.25 மாதிரி இருக்கும்.

மாசிவீதி_மீன்:

அனைவருக்கும் நன்றி. ஒரு குடத்துக்கு ஒரு குடம் என்று முடிவு செய்துவிட்டேன், எல்ஆர் தர அம்மோனியம் குளோரைடும் கிடைத்துவிட்டது. கூடுதலாக இரண்டு சந்தேகங்கள். கரண்ட் நாலைந்து மணி நேரம் போனால் வளர்ந்த பாக்டீரியா செத்துவிடுமா? கடைசிப் பரீட்சை தேறிய அன்றே மீன் வாங்க முடியாவிட்டால் தொட்டியை எப்படி வைத்திருப்பது?

சொட்டுக்கணக்கு:

இரண்டாவதற்கு: பட்டினி போடாதீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை 14 மில்லி போட்டுக்கொண்டே இருங்கள், வாரம் ஒருமுறை கேஎச் பாருங்கள், 4-க்குக் கீழ் வந்தால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். மீன் வாங்கப் போகும் முந்தின நாள் அம்மோனியாவை நிறுத்திவிட்டு, வாங்கும் அன்று காலையில் நைட்ரேட் 20-க்குக் கீழ் வரும்வரை மாற்றுங்கள், பொதுவாக முக்கால் தொட்டி. அம்மோனியா 0 என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.

பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம். கடையில் மென்மையான தண்ணீரில் இருந்த மீன் என்றால் இந்தக் கலப்பை ஒரு மணி நேரத்துக்கு நீட்டுங்கள். பத்தையும் ஒன்றாகவே விடலாம், 2 பிபிஎம் தேறிய தொட்டிக்கு அது பெரிய சுமை இல்லை. கோல்டு ஃபிஷ் ஆசை வந்தால் மட்டும் இந்தத் தொட்டி போதாது.

கொளத்தூர்க்காரன்:

கரண்ட் விஷயம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் திறந்த தண்ணில நிக்குது, அதனால நாலஞ்சு மணி நேரம் தாங்கும். பெருசா ஒண்ணும் ஆகாது. மூடின கேனிஸ்டர் ஃபில்டர் வச்சிருக்கிறவங்கதான் பயப்படணும், உள்ள இருக்குற ஆக்சிஜன் தீந்து அழுகல் நாத்தம் வரும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, பஞ்ச தொட்டித் தண்ணில அலசிட்டுத்தான் ஆன் பண்ணணும்.

மீன் இருக்கும்போது கரண்ட் போனா பாக்டீரியாவுக்கு முன்னாடி மீனுக்குத்தான் மூச்சு முட்டும். சித்திரை, வைகாசியில தண்ணி 33 டிகிரி போகும், சூடான தண்ணில ஆக்சிஜன் கொஞ்சமாத்தான் கரையும். சின்ன ஏர் பம்பு 3 வாட், 5 வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் லைன்ல போட்டு வச்சிடுங்க. இன்வெர்ட்டர் இல்லன்னா யூஎஸ்பி ஏர் பம்பு, பவர் பேங்க்ல ஒரு ராத்திரி ஓடும். கரண்ட் இல்லாத நேரத்துல தீனி போடாதீங்க. வெயில் காலத்துல மூடிய எடுத்துட்டு தண்ணி மேல படுற மாதிரி டேபிள் ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனா தண்ணி வேகமா வத்தும், அதுக்குத்தான் அந்தத் தனி ஆர்ஓ. கப்பி குதிக்கும், வலையாவது போட்டு மூடுங்க.

ஸ்பாஞ்ச் அடைச்சுப்போய் குமிழி மெலிஞ்சா, தண்ணி மாத்தும்போது எடுத்த வாளித் தண்ணில நாலு பிழி பிழிஞ்சு திரும்ப மாட்டிடுங்க. குழாயடியில கொண்டுபோய்க் காட்டாதீங்க, சோப்புப் பக்கமே போக வேணாம்.